கெழுவும் மாறிலியும்

நம் கல்லூரி ஆண்டு மலரின் தமிழ்ப் பகுதிக்கு ஒரு கட்டுரை விடுத்துதவுமாறு அதன் ஆசிரியர் எமக்கு எழுதியிருந்தார். யாம் கணிதம் கற்பித்துக் காலங்கழித்தவர். தமிழ்ப் பகுதியில் எழுதுவோர் விரும்பி எடுத்துக்கொள்ளும் கம்பரும் இளங்கோவும் எமது ஆட்சிக்கு உட்பட்டவர் அல்லர். ஆயினும் கணிதத்துக்கும் தமிழுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டு இக்கல்லூரியை விட்டே ஓடிப்போகவிருந்த நாள் ஒன்று எம் வாழ்வில் உண்டு. அன்று எம்மைத் துரத்தியதும் ஒரு சொல். மீட்டதும் ஒரு சொல். அவ்விரு சொற்களையும் அவற்றின் சுற்றத்தாரையும் பற்றி எழுதினால், இன்று இங்குக் கணிதம் பயிலும் மாணாக்கர் சிலர்க்கேனும் பயன்படுமென எண்ணி எழுதத் துணிந்தோம்.

எமது ஊர் திருவண்ணாமலையை அடுத்த அடி அண்ணாமலை. ஆதி அண்ணாமலை என்பாரும் உளர். பெரிய கோயில் மலைக்குக் கிழக்கே இருக்க, எம் ஊரும் ஊர்க்கோயிலும் மேற்கே, கிரிவலப் பாதையில் வருண லிங்கத்துக்கும் வாயு லிங்கத்துக்கும் இடையே அமைந்துள்ளன. மலை கிழக்கே நிற்பதால் எமக்குக் கதிரவன் சற்றுத் தாழ்த்தே தோன்றுவான். பள்ளிக்குப் பிந்தி வந்ததற்கு அக்காரணத்தைச் சொல்லி யாம் பலமுறை அடி வாங்கியதுண்டு. அடி என்னும் சொல்லுக்குத்தான் தமிழில் எத்தனை பொருள்! பாதம், கீழ்ப்பகுதி, தொடக்கம், செய்யுளின் வரி, பன்னிரண்டு அங்குலம், பிரம்பினாற் பெறுவது. கணிதத்திலும் அஃது உண்டு. இரண்டை ஐந்து முறை எழுதிப் பெருக்குவதை இரண்டின் அடுக்கு ஐந்து என்கிறோம். அங்கே இரண்டுக்கு அடிமானம் என்று பெயர். ஊர்ப் பெயரில் உள்ள சொல்லே பாடநூலிலும் இருப்பதைப் பள்ளியிற் படித்த காலத்தில் யாம் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

பள்ளிப் படிப்பு முழுதும் தமிழில் நிகழ்ந்தது. மலையைப் பாதி சுற்றி மிதிவண்டியில் நகரத்துக்குச் சென்று படித்தோம். கணிதத்தில் எம் வகுப்பில் எமக்கு முன்னால் ஒருவரும் இல்லை. இதனைத் தற்பெருமையாகக் கொள்ளற்க. பின்னர் விழுந்த வீழ்ச்சியின் உயரத்தை அளப்பதற்கு இது வேண்டியிருக்கிறது.

கல்லூரியிற் சேர்ந்த முதல் மாதம் அது. கணித வகுப்பில் ஆசிரியர் ஒருவர் கரும்பலகையில் ஐந்து எக்ஸ் வர்க்கம் கழித்தல் ஏழு எக்ஸ் கூட்டல் இரண்டு என எழுதிவிட்டு, எம்மை எழுப்பி, எக்ஸின் 'கோஎஃபிஷியண்ட்' யாது என ஆங்கிலத்தில் வினவினார். யாம் எழுந்து நின்றோம். நின்றது நின்றபடியே நின்றோம். அவ்வினாவின் விடை கழித்தல் ஏழு என்பதை எட்டாம் வகுப்புச் சிறுவனும் சொல்வான். ஆனால் வினவப்பட்டது இன்னது என்பது எமக்குத் தெரியவில்லை. இதுகூட அறியாதவன் கணிதத்தை ஏன் எடுத்தாய் என அவர் கேட்டார். நாற்பது பேர் சிரித்தனர். அவர் கொடியவர் அல்லர். எமது மௌனத்துக்கு வேறு பொருள் இருக்கக்கூடும் என்பது அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவே. அதன்பின் ஒரு வாரம் வகுப்பில் பேசப்பட்ட ஒவ்வொரு சொல்லும் எமக்கு மூடிய கதவாயிற்று. வேரியபிள், கான்ஸ்டன்ட், டெர்ம், ரூட் என அவை ஒன்றன்பின் ஒன்றாக வந்து காதில் மோதின. மாதத் தேர்வில் யாம் பெற்ற எண் ஒற்றை இலக்கத்தில் இருந்தது. தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு விடுதியிலிருந்து ஒரு மாலைப்பொழுதில் பேருந்து நிலையத்தை நோக்கிப் புறப்பட்டோம்.

வாயிலில் எம்மை மறித்தவர் எமது தமிழாசிரியர். அவர் பெயரை இங்கு எழுதுவதை அவரே விரும்பியிருக்க மாட்டார். எங்கே போகிறாய் தம்பி என்றார். சொன்னோம். அவர் எம்மை அங்கிருந்த வேப்பமரத்தடியில் அமர்த்தி, கெழு என்றால் என்ன என்று கேட்டார்.

"எக்ஸுக்கு முன்னால் நிற்கும் எண், ஐயா."

"அது நிற்கும் இடம். பொருள் என்ன?"

ஐந்தாண்டு அச்சொல்லைப் பயன்படுத்திய யாம் அதன் பொருளை அறியோம். அவர் சொன்னார்: கெழு என்றால் பொருந்தி நிற்பது, கூடி நிற்பது. பழந்தமிழில் வளம் பொருந்திய நாட்டை வளங்கெழு நாடு என்பார்கள். திருக்குறளில் பழைமை என்னும் அதிகாரத்தில் உறுப்பு என்னும் சொல்லும் கெழுதகைமை என்னும் சொல்லும் ஒரே குறளில் அடுத்தடுத்து நிற்கின்றன. நெடுநாள் நண்பனிடம் உரிமையோடு பொருந்தி நடப்பது கெழுதகைமை. "உன் கணக்கில் எக்ஸோடு பொருந்தி நடப்பது எது? அந்த ஏழு. அதனால் அது கெழு. இனி ஆங்கிலச் சொல்லைப் பிரித்துப் பார். 'கோ' என்றால் கூட. மற்றது செயல் புரிவது. கூட நின்று செயல் புரிவது. இரண்டும் ஒரே பொருளைத்தானே சொல்கின்றன? நீ அறியாதது கணிதம் அன்று, அதன் இன்னொரு பெயர்."

அன்றிரவு யாம் ஊருக்குப் போகவில்லை. அவர் கூறியபடி ஒரு குறிப்பேட்டில் மூன்று பத்திகள் கிழித்தோம். முதற்பத்தியில் ஆங்கிலச் சொல்; இரண்டாவதில் பாடநூலின் தமிழ்ச் சொல்; மூன்றாவதில் அதே கருத்து எம் ஊரில் எங்கே தென்படுகிறது என்பது. மூன்றாம் பத்தி எதற்கு எனக் கேட்டோம். அஃது இல்லாவிடில் முதல் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும், உன்னைப் பாரா என்றார். அவ்வாண்டின் முடிவில் அக்குறிப்பேட்டில் நூற்றிருபது சொற்கள் சேர்ந்திருந்தன. ஓர் அயல்மொழி முழுவதும் எமக்கு எதிராக அணிவகுத்து நிற்கிறதென அஞ்சியிருந்த யாம், நூற்றிருபது பேரைத்தான் அறிந்துகொள்ள வேண்டியிருந்தது என்பதைக் கண்டு நாணினோம். பல்லுறுப்புக்கோவை என்பது பாலினோமியல். பல உறுப்புகளைக் கோத்தது. முற்றொருமை என்பது ஐடென்டிட்டி. எக்ஸுக்கு எந்த மதிப்பைக் கொடுத்தாலும் இருபுறமும் முற்றும் ஒன்றாகவே இருப்பது. சமன்பாடோ அப்படியன்று, ஏதோ சில மதிப்புகளுக்கு மட்டும் மெய்யாகும். தமிழ்ச் சொல்லே இந்த வேற்றுமையைச் சொல்லிவிடுகிறது. சொல்லைக் காதால் மட்டும் கேட்டவர்க்கு அது விளங்காது.

இனி அல்ஜீப்ரா என்னும் பெரும்பெயரையே எடுத்துக்கொள்வோம். பாக்தாத் நகரில் ஏறக்குறைய 820ஆம் ஆண்டில் அல்குவாரிஸ்மி என்னும் அறிஞர் அரபியில் எழுதிய நூலின் பெயரில் உள்ள 'அல்ஜபர்' என்னும் சொல்லே ஐரோப்பாவிற் சென்று அப்படித் திரிந்தது. அதற்குப் பழைய நிலைக்கு மீட்டல் என்பது பொருள். சமன்பாட்டின் ஒருபுறத்தில் கழிபட்டுக் கிடப்பதை மறுபுறம் சேர்த்துச் சீராக்குதல். முறிந்த எலும்பைப் பொருத்திக் கட்டுவதற்கும் அரபியில் அதே சொல். ஸ்பெயின் தேசத்தில் ஒரு காலத்தில் எலும்பு கட்டும் வைத்தியனை 'அல்ஜெப்ரிஸ்தா' என்றே அழைத்தனர். எம் வட்டாரத்தில் கை முறிந்தவர் ஆந்திரத்துப் புத்தூருக்குக் கட்டுப் போட்டுக்கொள்ளச் செல்வது வழக்கமாதலின், இதனை மாணாக்கர்க்குச் சொல்லும்போதெல்லாம் முதல் வரிசையில் ஒருவன் தன் முழங்கையைத் தடவிக்கொள்வான்.

வடமொழியில் இக்கலை பீஜகணிதம். பன்னிரண்டாம் நூற்றாண்டின் இரண்டாம் பாஸ்கரர் அப்பெயரிலேயே ஒரு நூல் செய்தார். பீஜம் என்பது விதை. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்ற கறோல் விசுவநாதபிள்ளை 1855இல் தமிழில் ஒரு நூல் வெளியிட்டபோது அதற்கு 'வீசகணிதம்' என்று பெயரிட்டார். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் முதன்முதல் நடத்திய பி. ஏ. தேர்வில் தேறிய இருவருள் இவர் ஒருவர். மற்றவர் பின்னாளில் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் பதிப்பித்த சி. வை. தாமோதரம் பிள்ளை. கணிதமும் தமிழும் ஒரே வகுப்பறையிலிருந்து புறப்பட்ட செய்தி இது. எமக்குப் பிடித்த செய்தி. ஆனால் வீசம் என்றால் எம் பாட்டனார் காலத்துக் கணக்கில் பதினாறில் ஒரு பங்கு. மாகாணி என்பதும் அதுவே. ஆகவே வீசகணிதம் என்னும் பெயரைக் கேட்ட பாட்டனார், 'வீசத்துக்கென்று தனிப் புத்தகமா?' என வியந்திருப்பார் போலும். இன்று தமிழ்நாட்டில் இக்கலைக்கு இயற்கணிதம் என்றும், இலங்கைத் தமிழ்ப் பள்ளிகளில் அட்சரகணிதம் என்றும் பெயர். எலும்பு கட்டுதல், விதை, இயல், எழுத்து. ஒரு கலைக்கு நான்கு பெயர்கள். நான்கும் வேறு வேறு கோணத்திலிருந்து பார்த்தவை.

தமிழில் இச்சொற்கள் தாமாகவே வந்துவிடவில்லை. 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் இதற்கென ஒரு சங்கம் அமைத்துச் சஞ்சிகையும் நடத்தினர். 1936இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கூட்டிய கலைச்சொல் மாநாட்டுக்கு விபுலாநந்த அடிகள் தலைமை தாங்கினார். 1938இல் 'கலைச்சொற்கள்' நூலாக வெளிவந்தன. அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி. தமிழ்ப் பேராசிரியரும் ஆவார். அத்தகையோர் கூடி உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாக வழக்காடி முடிவு செய்தவற்றையும், அவர்க்குப் பின் வந்தோர் திருத்தியவற்றையும் யாம் மனப்பாடப் பகுதியாக்கி வைத்திருக்கிறோம். கடல் கடந்தால் முடிவுகள் வேறு. நமது கெழு இலங்கையில் குணகம். நமது நிகழ்வெண் அங்கே மீடிறன். நமது திட்டவிலக்கம் அங்கே நியம விலகல். நமது முகடு அங்கே ஆகாரம். ஆகாரம் என்பதை எம் மாணாக்கரிடம் சொன்னபோது, புள்ளியியலில் சோறும் உண்டா என ஒருவன் கேட்டான். அங்கே அச்சொல் வடிவம் என்னும் பொருளில் நிற்கிறது. இரண்டு கரையாரும் ஒரே பட்டியலை வைத்துக்கொண்டால் நன்று என்பது எம் கருத்து. ஆனால் குணகத்துக்காகக் கெழுவை விட்டுக்கொடுக்க எம்மால் இயலாது. காரணம் மேலே சொல்லப்பட்டது.

இத்தனையும் அறிந்திருந்தும், எம் ஊர்ச் சிறுவர்க்கு யாம் செய்ததோ எமக்குச் செய்யப்பட்டதே. பணி ஓய்வுக்குப்பின் ஊர் திரும்பி, மாலை வேளைகளில் எம் வீட்டுத் திண்ணையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிருவர்க்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினோம். அறுவர் ஆங்கில வழியில் பயில்வோர், அறுவர் தமிழ் வழியில் பயில்வோர் எனப் பிரிந்திருப்பார்கள், இடர்ப்பாடும் அவ்வாறே பிரிந்திருக்கும் என எதிர்பார்த்தோம். நடந்தது வேறு. இரண்டு வழியினரும் கலந்தே இருந்தனர்; இரண்டிலும் சொல் விளங்கியவர் சிலர், விளங்காதவர் சிலர். தாய்மொழியிற் படிப்பதனாலேயே கலைச்சொல் விளங்கிவிடும் என்னும் எமது நெடுநாள் நம்பிக்கை அன்று சற்று ஆட்டங்கண்டது.

ஒரு மாதம் கழித்து ஐம்பது எண்ணுக்கு ஒரு சிறு தேர்வு வைத்தோம். பெற்ற எண்கள் இவை: 12, 13, 14, 14, 15, 16, 36, 37, 38, 38, 39, 40. கூட்டினால் 312. பன்னிரண்டால் வகுத்தால் கூட்டுச் சராசரி 26. சராசரி என்னும் சொல் பாரசீகத்திலிருந்து நில வரிக் கணக்கின் வழியாக நம்மிடம் வந்தது. ஒரு முனையிலிருந்து மறு முனைவரை என்பது அதன் அடிப்பொருள். முனையிலிருந்து முனைவரை வாரி எடுத்துச் சமமாகப் பரப்பிவிடுவது. எண்களை ஏறுவரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பதைப் பார்த்தால் இடைநிலை அளவு. இங்கு ஆறாவதும் ஏழாவதும் நடுவில் நிற்பதால் அவற்றின் நடு, அதுவும் 26. சராசரி 26, இடைநிலை 26. வகுப்பு நடுத்தரமானது என ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு யாம் நிம்மதியாக உறங்கியிருக்கலாம். ஆனால் 26க்கு அருகில் ஒருவரும் இல்லை. மிக அருகில் இருந்தவரும் பத்து எண் தள்ளி நின்றார். எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிச் சிதறிக் கிடக்கின்றன என்பதைச் சொல்வது திட்டவிலக்கம். ஒவ்வொரு விலக்கத்தையும் வர்க்கமாக்கி, அவற்றின் சராசரி கண்டு, அதன் வர்க்கமூலத்தை எடுத்தால் அது கிடைக்கும். இங்கு அது 12க்குச் சற்று மேல். ஐம்பதுக்கு வைத்த தேர்வில் பன்னிரண்டு விலகல்! எட்டு லிங்கங்களுள்ள 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லிங்கத்துக்கு லிங்கம் சராசரித் தொலைவு ஒன்றே முக்கால் கிலோமீட்டர் எனச் சொல்வது போன்றது அது. வகுத்தது பிழையன்று, ஆனால் சில லிங்கங்கள் அருகருகே, சில வெகு தொலைவில் என்பதை வெறுங்காலோடு நடந்தவரைக் கேட்டால் தெரியும்.

மிகுதியாக மீண்டும் மீண்டும் வரும் எண்ணுக்கு முகடு என்று பெயர். ஆங்கிலத்தில் இதற்கு 'மோட்' என்னும் சொல்லை 1895இல் வழங்கியவர் கார்ல் பியர்சன். அச்சொல் பாங்கு, நாகரிகம் என்னும் பொருளுடையது. தமிழ்ச் சொல்லோ வரைபடத்தையே கண்முன் கொண்டுவருகிறது. கூரையின் உச்சி முகடு. மலையின் உச்சியும் முகடு. எம் வகுப்பின் எண்களுக்கு 14, 38 என இரண்டு முகடுகள். அண்ணாமலையைச் சுற்றி வருவோர் அறிவர்: பெரிய கோயிலின் வாயிலிலிருந்து ஒற்றை மலையாகத் தோன்றுவது, நடக்க நடக்க இரண்டாகவும் மூன்றாகவும் பிரிந்து, குபேர லிங்கத்தின் அருகே ஐந்து முகமாகக் காட்சி தரும். சராசரி என்னும் வாயிலிலேயே நின்றுவிட்டவர்க்கு மலை ஒன்றே.

கீழ் முகட்டில் இருந்த அறுவருள் ஒருவன் இளநீர்க் கடைக்காரர் மகன். அவன் பெற்றது 12. பொதுத் தேர்வு எழுதிவிட்டுப் படிப்பை நிறுத்திக் கடையில் உட்காரப் போவதாக அவன் தாயார் எம்மிடம் சொல்லியிருந்தார். "இவனுக்குக் கணக்கு வராதுங்க சார்" என்பது அவர் தீர்ப்பு. அவன் விடைத்தாளை எடுத்துப் பார்த்தோம். மாறிலி உறுப்பை எழுதுக என்னும் வினாவுக்கு எதிரே ஒன்றுமில்லை. கெழுவைக் காண்க என்னும் வினாவுக்கு எதிரே ஒன்றுமில்லை. அந்த வெற்றிடத்தை யாம் முன்பே எங்கோ கண்டிருக்கிறோம்.

மறுநாள் அவன் தந்தையின் கடைக்குச் சென்று, ஓர் இளநீர் குடித்துக்கொண்டே அவனிடம் பேச்சுக் கொடுத்தோம். நாள் வாடகை எவ்வளவு? முந்நூறு ரூபாய். காய் ஒன்றுக்கு நிற்பது எவ்வளவு? பன்னிரண்டு. எத்தனை காய் விற்றால் கைக்கு ஏதாவது மிஞ்சும்? அவன் இளநீரைச் சீவிக்கொண்டே, "இருபத்தஞ்சு காய் போனாத்தான் சார் வாடகை தீரும், இருபத்தாறாவது காய்தான் நமக்கு" என்றான். காகிதம் இல்லை, பென்சில் இல்லை. இலாபம் என்பது பன்னிரண்டு எக்ஸ் கழித்தல் முந்நூறு என்னும் கோவையை அவன் நாள்தோறும் தீர்த்து வருகிறான். எக்ஸ் இருபத்தைந்து ஆகும்போது அது பூச்சியம் ஆகிறது. அந்த இருபத்தைந்துக்குத்தான் பாடநூலில் மூலம் என்று பெயர்.

"நாளுக்கு நாள் எது மாறும்?" என்றோம். "விக்கிற காய்." அது மாறி. "மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் மாறாமல் நிற்பது எது?" "வாடகை." மாறு என்பதோடு இலி என்பது சேர்ந்தால் மாறிலி, மாறுதல் இல்லாதது. "ஒவ்வொரு காயோடும் ஒட்டிக்கொண்டே போவது எது?" "பன்னிரண்டு ரூபாய்." அது கெழு. அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எம்மைப் பார்த்தான். "இதத்தான் அதுல கேட்டீங்களா, சார்?" என்றான். அவன் குரலில் மகிழ்ச்சியைவிடக் கோபமே மிகுந்திருந்ததாக எமக்குப் பட்டது. அக்கோபம் நியாயமானது.

அன்று மாலை அந்த அறுவரையும் உட்கார்த்தி, அதே வினாத்தாளைக் கலைச்சொல் ஒன்றும் இல்லாமல், கடைவீதிப் பேச்சில் வாயால் கேட்டோம். அறுவரும் பெரும்பாலானவற்றுக்கு விடை சொல்லிவிட்டனர். அவர்களுடைய 12இலும் 13இலும் குறைந்திருந்தது கணிதம் அன்று என்பது அப்போதுதான் எமக்குத் தெளிவாயிற்று. முப்பதாண்டு கணிதம் கற்பித்த யாம், எத்தனை விடைத்தாள்களில் வெற்றிடத்தைக் கண்டு வெறுமை என்று எண்ணிச் சுழித்திருப்போம் என நினைக்கையில் அன்றிரவு உறக்கம் வரவில்லை. பழைய குறிப்பேட்டைப் பரணிலிருந்து இறக்கினோம். கரையான் ஒரு மூலையை அரித்திருந்தது. மூன்றாம் பத்தி நலமாக இருந்தது.

அதன்பின் எம் திண்ணையில் பாடம் நடப்பது மூன்றாம் பத்தியிலிருந்துதான். கோலத்தின் புள்ளியிலிருந்தும், ஊரில் 'பெரும்புள்ளி' எனச் சிலரைச் சொல்வதிலிருந்தும் புள்ளியியலைத் தொடங்குகிறோம். கணக்கில் சேரும் ஒவ்வொருவரும் ஒரு புள்ளி. நிகழ்தகவு என்பதை நிகழ், தகவு எனப் பிரித்து, ஒன்று நிகழ்வதற்கு எவ்வளவு தகுதி உண்டு என்று சொல்கிறோம். தன்மைகாட்டி எளிது, இருபடிச் சமன்பாட்டின் மூலங்கள் எத்தன்மையன என்பதை, அவற்றைக் காணும் முன்னரே காட்டிவிடுவது. சார்பு என்னும் சொல்லுக்கு மட்டும் இன்னும் நல்ல ஊர்ப்பொருள் அகப்படவில்லை. பிள்ளைகள் பல சொல்லிப் பார்த்தார்கள். ஒன்றும் சரியாகப் பொருந்தவில்லை. அந்தக் கட்டம் வெற்றாகவே இருக்கிறது.

ஒரு பௌர்ணமி இரவில் பன்னிருவரையும் அழைத்துக்கொண்டு ஊர்க்கோயிலின் முன் கிரிவலப் பாதையோரத்தில் அமர்ந்தோம். நிமிடத்துக்கு எத்தனை பேர் நம்மைக் கடந்து செல்கிறார்கள் என எண்ணுவது வேலை. இருவர் கைப்பேசியில் நேரம் பார்க்க, மற்றவர் நான்கு கோடு நிமிர்த்தி ஐந்தாவதைக் குறுக்கே இழுத்துக் குறித்துக்கொண்டனர். பத்து நிமிடங்களுக்குக் கிடைத்தவை: 58, 61, 60, 63, 59, 62, 60, 57, 180, 60. ஒன்பதாம் நிமிடத்தில் ஒரு பஜனைக் கூட்டத்தார் தாளமும் பாட்டுமாக மொத்தமாக வந்துவிட்டனர், எண்ணியவர்கள் திணறிப்போயினர். மொத்தம் 720, சராசரி 72.

"எழுபத்திரண்டு பேர் எந்த நிமிசத்துலயும் போகலையே சார்" என்றாள் மேல் முகட்டுப் பெண் ஒருத்தி. வரிசைப்படுத்தச் சொன்னோம். இடைநிலை 60. முகடும் 60. வீச்சு, அதாவது மிகப் பெரியதற்கும் மிகச் சிறியதற்கும் உள்ள வேறுபாடு, 123. இளநீர்க் கடைக்காரர் மகன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அந்த ஒத்தப்பனைய விட்டுட்டுப் போட்டா அறுபதுதான் சார் வருது" என்றான்.

யாம் கூட்டிப் பார்த்தோம். 540ஐ ஒன்பதால் வகுத்தால் 60. கூட்டத்தை விட்டு வெகு தூரம் விலகி நின்று சராசரியைத் தன் பக்கம் இழுக்கும் எண்ணை யாம் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. ஊருக்கு மேற்கே கொல்லைகளின் நடுவில் தனியாக உயர்ந்து நிற்கும் பனையைப் பார்த்துப் பழகியவன் அதற்குத் தானே பெயர் வைத்துவிட்டான். உடனே அவனே கேட்டான், அந்த எண்ணை விட்டுவிடுவது முறையா, அவர்களும் மலை சுற்ற வந்தவர்கள்தாமே என்று. விட்டுவிடுவதாயின் விட்டதைச் சொல்லிவிட வேண்டும் என்றோம். அவன் அதனை ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

வீடு திரும்பியதும் குறிப்பேட்டை அவனிடம் கொடுத்தோம். மூன்றாம் பத்தியில் 'ஒற்றைப்பனை' என எழுதினான். முதற்பத்திக்கு ஆங்கிலத்தில் என்ன சார் என்றான். அவுட்லையர் என்று சொல்லி எழுத்துக்கூட்டிக் கொடுத்தோம். நடுப்பத்தியை விரலால் காட்டினான். அவனுடைய பாடநூலைப் புரட்டிப் பார்த்தோம். அதற்கு அதில் சொல் அகப்படவில்லை. சற்றுநேரம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் பத்தியில் எழுதியதையே நடுவிலும் ஒருமுறை எழுதினான். பிறகு, வருகிற ஆண்டு மேல்நிலை வகுப்பில் கணிதம் எடுத்தால் அந்தப் புத்தகத்தில் இருக்குமா என்று கேட்டான்.